அறுபதும் அறுபதும் சேர்ந்தால் அறுபத்து மூன்று

1. ஆறு மார்க்

ஒரு மாணவனின் ரெக்கார்டு நோட்டில் "முதலில் கூட்டக் கற்றுக்கொள்" என்று சிவப்பு மையில் எழுதி, இருபத்தைந்துக்கு ஆறு மார்க் போட்டவள் நான். அந்த ஆறும்கூட நோட்டுக்கு ஒழுங்காக அட்டை போட்டிருந்ததற்காகத்தான். பத்து வாங்கினால்தான் பாஸ்.

அடையாறில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். கடைசிச் சில வருஷங்கள் சுற்றுச்சூழல் படிக்கும் பிள்ளைகளுக்கு டேட்டா அனாலிசிஸ் எடுத்தேன். காற்று, தண்ணீர், சத்தம் என்று அவர்கள் ஊரெல்லாம் சுற்றி எதை அளந்துகொண்டு வந்தாலும் அதைக் கூட்டி வகுத்து அர்த்தம் சொல்லும் வேலை என்னுடையது. எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன் என்றால் முதல் பெஞ்சு காலியாகிவிடும்.

அந்த வருஷம் ப்ராஜெக்ட் சத்தம். நாற்பத்திரண்டு பேர், இரண்டு சவுண்ட் லெவல் மீட்டர். தி. நகர், மயிலாப்பூர் மாட வீதி, அடையாறு சிக்னல், பெசன்ட் நகர் கடற்கரை என்று நான்கு இடங்கள். போய் டெசிபெல் கணக்கில் அளந்து, ஒவ்வொரு இடத்துக்கும் சராசரி எடுத்து, எந்த இடம் எவ்வளவு மோசம் என்று சொல்ல வேண்டும். கூட்டு, வகு. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும்.

நாற்பத்தோரு பேர் செய்துவிட்டார்கள். தில்லிபாபு மட்டும் வேறு விடை எழுதியிருந்தான். நான் எழுபது என்று எதிர்பார்த்த இடத்தில் எழுபத்தேழு. எல்லா இடத்திலும் இப்படியே கூடுதல். சராசரி எடுத்த முறை என்ற தலைப்பின் கீழே என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "மை ஃபாதர்ஸ் மெத்தட்." அதற்குக் கீழே லாக், ஆன்டிலாக் என்று அரைப் பக்கத்துக்குக் கிறுக்கல். நான் அந்தக் கிறுக்கலைப் படிக்கவே இல்லை. ஃபாதர் என்ற இடத்திலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னடா இது?"

"மேடம், சத்தத்த நேரா கூட்டக்கூடாது மேடம். அறுபதும் அறுபதும் சேந்தா அறுபத்திமூணுதான் வரும்."

"என்ன வரும்?"

"அறுபத்திமூணு மேடம்."

நான் கணக்குக்காரி. என் எதிரில் நின்றுகொண்டு ஒரு பையன் அறுபதும் அறுபதும் அறுபத்து மூன்று என்கிறான். வெளியே போ என்று கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். விழுந்து விழுந்து சிரித்தார். "அறுபத்து மூணு நம்ம ஊர்ல நாயன்மார் உற்சவத்துக்குன்னா வரும்! கணக்குல எங்கேர்ந்துடி வந்தது? அவனை எங்க பேங்க்ல சேத்துண்டிருந்தா ஒரே வாரத்துல இழுத்து மூடிண்டு போயிருப்போம்." நானும் சேர்ந்து சிரித்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தது சிரித்ததுதான்.

2. ரங்கநாதன் தெருவில் மீட்டர்

கொஞ்சம் பின்னால் போகிறேன். மீட்டரை வைத்து அளப்பது எப்படி என்று காட்ட முதல் நாள் நானே பிள்ளைகளைத் தி. நகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரங்கநாதன் தெரு முனையில் ஒரு துணிக்கடை வாசலில் ஸ்டாண்டை நிறுத்தினோம். அந்த வாசலில் ஒருவர் "வாம்மா, வாம்மா, உள்ள வந்து பாருங்கம்மா" என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். மீட்டரின் தலையில் கறுப்பாகப் பஞ்சு உருண்டை இருக்கும், பார்த்தால் மைக் மாதிரியே தெரியும்.

"எந்த டிவி மேடம்?" என்றார்.

"டிவி இல்லைங்க. சத்தம் அளக்கிறோம்."

"அளங்க, அளங்க" என்று சொல்லிவிட்டு, பஞ்சு உருண்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, சுடிதார் விலை, நைட்டி விலை, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். மீட்டர் எகிறியது. எதிர்க்கடை ஆள் பார்த்துக்கொண்டே இருந்தான். தெருவைக் கடந்து வந்துவிட்டான்.

"அவன் எவ்ளோ வந்தான்?" என்று பிள்ளைகளைக் கேட்டான். சொன்னார்கள். "இப்ப பாரு" என்று அவன் ஒரு கத்தல் கத்தினான். முதல் ஆளைவிட இரண்டு கூடுதல். அவ்வளவுதான், போட்டி. துணி வாங்க வந்த பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இந்த ரீடிங்கை எல்லாம் அடித்துவிடுங்கள் என்று நான் கத்தினேன். அந்தக் கத்தலும் மீட்டரில் ஏறியது. அதையும் அடிக்கச் சொன்னேன்.

அப்போது தில்லிபாபு மட்டும் அந்த இரண்டு பேரிடமும், "அண்ணே, ரெண்டு பேரும் ஒண்ணா கத்துங்கண்ணே" என்றான். கத்தினார்கள். மீட்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "மேடம், ரெண்டு பேர் கத்தினாலும் கொஞ்சம்தான் ஏறுது பாத்தீங்களா?"

"அதெல்லாம் சிலபஸ்ல இல்ல. நீ ரீடிங் எடு" என்றேன்.

மீட்டர் என் மூக்குக்கு நேராக இருந்தது. நான் பார்க்கவில்லை.

3. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

ஆறு மார்க் போட்ட மறுநாள் தில்லிபாபு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். அவனுக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. தொழிற்சாலைகளின் புகை, சத்தம் எல்லாம் அளந்து கொடுக்கும் கம்பெனி. ஜூன் மாதம் சேரும்போது எல்லாப் பேப்பரும் பாஸாகியிருக்க வேண்டும். ஒரே ஒரு அரியர் இருந்தாலும் ஆர்டர் செல்லாது. என் பேப்பர் தவிர எல்லாம் பாஸ் செய்திருந்தான். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த அவர்கள் வீட்டை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து மூன்று வருஷம் படித்தவன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் மசியவில்லை. பரிதாபத்துக்கு மார்க் போட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்பது என் கொள்கை.

"மேடம், ஒரு தடவ அந்தக் கணக்கப் படிச்சுப் பாருங்க மேடம்."

"உங்கப்பா மெத்தட்தானே? உங்கப்பா என்ன வேலை பாக்கறார்?"

"மைக் செட் மேடம். கல்யாணம், கோயில், கூட்டம், எல்லாத்துக்கும் பாக்ஸ் கட்டுவாரு."

"ரொம்ப நல்லது. அவரையே கூட்டிட்டு வா. அவரே எனக்குப் பாடம் எடுக்கட்டும்."

நான் கிண்டலாகத்தான் சொன்னேன். அவன் உடனே ஃபோனை எடுத்துவிட்டான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி கல்லூரி கேட்டுக்குள் வந்தது. பின்னால் ஆள் உயரத்துக்குக் கறுப்பு ஸ்பீக்கர் பாக்ஸ்கள். அவனுடைய அப்பா ஏழுமலை அன்று சாயந்திரம் அசோக் நகரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மைக் செட் கட்டப் போகிற வழியில் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், தோளில் வயர் சுருள். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வணக்கம் மேடம். புள்ள இன்னா தப்பு பண்ணான்?"

"கூட்டல் தெரியல உங்க பையனுக்கு. அறுபதும் அறுபதும் அறுபத்து மூணாம்."

அவர் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "ஆமா மேடம். அவ்ளோதானே ஏறும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குடும்பத்தோடு கணக்குத் தெரியாதவர்கள் என்று நினைத்தேன்.

"மேடம், பாக்ஸ் டபுளாக்குனா சவுண்ட் டபுளாவாது" என்றார் ஏழுமலை, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "மீட்டர்ல மூணுதான் ஏறும். கல்யாண வூட்டுக்காரங்க நாலு பாக்ஸ் போதாது, எட்டு போடுன்னுவாங்க. எட்டு போட்டா, இன்னாய்யா இது, கொஞ்சம்தான் கூட கீது, ஏமாத்துறியான்னு சண்டைக்கு வருவாங்க. இருபது வருசமா இந்தச் சண்டைதான் மேடம் எனக்கு."

"வாயால சொல்லாதீங்க. காட்டுங்க பாப்போம்" என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது.

4. ப்ராக்டிகல்

மைதானத்தில் இரண்டு செட் இறக்கினார். செக்யூரிட்டி அறையிலிருந்து கரன்ட். ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர், தனித்தனி ரேடியோ. "ஒரே பாட்ட ரெண்டுலயும் போட்டா கணக்கு வேற மாரி பூடும் மேடம். வேற வேற சத்தமா இருக்கணும்" என்று சொல்லி, இரண்டு ரேடியோவையும் ஸ்டேஷன் எதுவும் கிடைக்காத இடத்தில் வைத்தார். ஷ்ஷ்ஷ் என்ற இரைச்சல் மட்டும். அதற்குள் என் வகுப்பு நாற்பத்திரண்டு பேரும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்துகொண்டிருந்தார்கள். கேன்டீனில் ஆளே இல்லை.

மீட்டரை நான் கையில் பிடித்துக்கொண்டேன். வேறு யாரையும் நம்பத் தயாராக இல்லை.

முதல் பாக்ஸ் மட்டும் போட்டார். குமிழைத் திருகித் திருகி மீட்டரில் எண்பது வரவைத்தார். அதை அணைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் போட்டார். அதையும் எண்பதில் நிறுத்தினார்.

"இப்ப ரெண்டையும் சேத்துப் போடறேன். உங்க கணக்குப்படி எவ்ளோ மேடம் வரணும்?"

பிள்ளைகள் முன்னால் கேட்டுவிட்டார். எண்பதும் எண்பதும் நூற்று அறுபது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

"மேடம், நூத்தி அறுபது வந்துச்சுன்னா நம்ம யார் காதும் மிஞ்சாது மேடம்" என்றான் தில்லிபாபு, ரொம்பப் பணிவாக. முதல் வரிசையில் இருந்த பிள்ளைகள் நிஜமாகவே பின்னால் நகர்ந்தார்கள்.

ஏழுமலை இரண்டையும் போட்டார். ஷ்ஷ்ஷ்ஷ்!

எண்பத்து மூன்று.

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். எண்பத்து மூன்று. இடம் மாறி நின்று பார்த்தேன். எண்பத்து மூன்றுதான். "மச்சி, மூணு!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். கைதட்டல், விசில். அந்தச் சமயத்தில் பிரின்சிபால் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"யாருங்க கேம்பஸ்ல மைக் செட் போட்டது? எவ்வளவு தைரியம்!" என்றவர் நடுவில் என்னைப் பார்த்துவிட்டார். "மேடம்... நீங்களா?"

"ப்ராக்டிகல் ஸார். முடிஞ்சுது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஏழுமலை எல்லாவற்றையும் அணைத்தார். ஜெயித்த முகம் எல்லாம் காட்டவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "பெரிய சத்தத்துக்கு முன்னாடி சின்னச் சத்தம் நிக்காது மேடம். அதான் கூட்டி வகுத்தா சரியா வராதுன்னு புள்ளைக்குச் சொன்னேன். மத்தபடி அவன் போட்ட லாக்கு கீக்கெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் பாஸாவானா மேடம்? அத மட்டும் சொல்லுங்க."

நோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன்.

5. பிரிக்காத புத்தகம்

மீட்டர் பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. வாங்கியதிலிருந்து ஒருவரும் தொடவில்லை. பிரித்தேன். டெசிபெல் என்பது லாகரிதம், ரீடிங்குகளை நேராகக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது என்று நான்காம் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தது. லாகிலிருந்து நிஜ அளவுக்குப் போய், அங்கே சராசரி எடுத்து, திரும்ப லாகுக்கு வர வேண்டுமாம். பிறகு தில்லிபாபுவின் கிறுக்கலைப் படித்தேன். வரிக்கு வரி அதேதான். அப்பா சொன்ன மூன்றை, பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகத்தில் தேடிப் பிடித்துக் கணக்காக மாற்றியிருக்கிறான். அறுபது, எண்பது என்று ரீடிங் வந்த இடத்துக்கு நான் எதிர்பார்த்த சராசரி எழுபது. அவன் போட்ட எழுபத்தேழுதான் சரி.

முப்பது வருஷம் லாகரிதம் சொல்லிக்கொடுத்தவள் நான்! டெசிபெல் என்ற வார்த்தை முன்னால் வந்தபோது ஒரு நிமிஷம் நின்று, இது என்ன அளவு என்று கேட்கத் தோன்றவில்லை. எண் என்றால் கூட்டு, வகு. அவ்வளவுதான் என் புத்தி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருஷம் அடையாற்றுத் தண்ணீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் பி.ஹெச். அளவுகளுக்கும் நான் இப்படித்தான் சராசரி எடுக்கவைத்தேன். பி.ஹெச்.சும் லாக்தான். அந்த வருஷப் பிள்ளைகள் யாருக்கும் அப்பா மைக் செட் வைத்திருக்கவில்லை. அதனால் நான் தப்பித்தேன். இதை இப்போதுதான் முதல் முறையாக வெளியே சொல்கிறேன்.

6. காரணம்

மதியம் வகுப்பில் போய் நின்றேன். "நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. தில்லிபாபு போட்டதுதான் சரி. எல்லாரும் அந்த முறையில திரும்பப் போடுங்க" என்றேன். மூன்றே வாக்கியம். பிள்ளைகளுக்கு என் தப்பு பெரிதாகப் படவில்லை. நான்கு இடத்துக்கும் திரும்பக் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் பெரிதாகப் பட்டது. "நல்லா இருடா பாபு, நல்லா இரு" என்று நாற்பத்தோரு பேரும் அவனை வாழ்த்தினார்கள்.

ஆனால் மார்க் லிஸ்ட் முந்தின நாளே தேர்வுப் பிரிவுக்குப் போய்விட்டிருந்தது. அன்று மூன்று மணிக்குள் திருத்தினால் உண்டு. அதற்குமேல் கம்ப்யூட்டரில் பூட்டிவிடுவார்கள். நான் மாடிப்படி ஏறி அங்கே போய்ச் சேர்ந்தபோது இரண்டரை. தில்லிபாபு பின்னாலேயே வந்து வாசலில் நின்றான்.

கிளார்க் ஒரு படிவம் கொடுத்தார். பழைய மார்க் ஆறு, புதிய மார்க் இருபத்து நான்கு என்று எழுதினேன். அடுத்த கட்டம், திருத்தத்துக்கான காரணம்.

"கிளரிக்கல் மிஸ்டேக்னு போடுங்க மேடம்" என்றார் கிளார்க். "எல்லாரும் அதான் போடுவாங்க. உடனே ஏத்திடலாம். வேற காரணம்னா பிரின்சிபால் கையெழுத்து வேணும், விளக்கக் கடிதம் வேணும், ஃபைல்ல போயிடும். உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

பேனாவை வைத்துவிட்டேன். அப்படியே எழுதிவிட ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று பன்னிரண்டு மணிக்கு அந்தப் பையனின் அப்பா வண்டி நிறைய பாக்ஸோடு வந்ததை ஊரே பார்த்திருக்கிறது. மூன்று மணிக்குள் மார்க் ஆறிலிருந்து இருபத்து நான்கு ஆகிறது. காரணம் கிளார்க் தப்பு என்றால் யார் நம்புவார்கள்? அப்பன் வந்து சத்தம் போட்டு மார்க் வாங்கிக் கொடுத்தான் என்றுதான் பேசுவார்கள். அவன் ஒழுங்காகப் போட்ட கணக்கு, மிரட்டி வாங்கிய மார்க்காகிவிடும்.

"மாணவனின் முறை சரியானது. ஆசிரியை தவறாகக் கற்பித்து, தவறாகத் திருத்திவிட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விளக்கக் கடிதம் ஒரு பக்கம். அதை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்கு ஓடினேன். நான் ஓடி அந்தக் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லை.

அவர் படித்தார். "மேடம், ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. இது உங்க ஃபைல்ல ஏறணுமா?"

"ஏறட்டும் ஸார். சீக்கிரம் போடுங்க, மூணு மணி ஆயிடும்."

போட்டார். மூன்று மணிக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது கிளார்க் மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பத்தோரு பேர் நான் சொன்னதை அப்படியே கேட்டு, தப்பாகப் போட்டு, என்னிடம் நல்ல மார்க் வாங்கினார்கள். ஒருத்தன் யோசித்து, சரியாகப் போட்டு, ஃபெயிலாகி வேலையை இழக்க இருந்தான். விடை உங்களுடையதோடு பொருந்தவில்லை என்றால் சிவப்புப் பேனாவைத் தொடுமுன், ஏன் இப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலைக் கடைசிவரை கேளுங்கள். நான் பாதிகூடக் கேட்கவில்லை.

வெளியே வந்து படிவத்தின் நகலைத் தில்லிபாபுவிடம் கொடுத்தேன். மார்க்கைத்தான் முதலில் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. அப்புறம் கீழே இருந்த காரணத்தைப் படித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"மேடம், இப்டி எழுதிகீறீங்களே. உங்களுக்கு அசிங்கமா இல்லையா மேடம்?"

"அசிங்கமாத்தான்டா இருக்கு. அதுக்கு இப்ப என்ன? நீ போய் வேலைல சேரு."